மேல ரெண்டு வரி, கீழ ரெண்டு வரி

தினம் ஒரு வசனம். அதற்குக் கீழே ஒரு குட்டிக்கதை. கதைக்குக் கீழே நாலு வரி ஜெபம். சேரிகளில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கிற இடமெல்லாம் இந்தப் பக்கம் இருக்கிறது. மாதாமாதம் வரும் தியானப் புத்தகமாக, சுவரில் கிழிக்கும் காலண்டராக, வேதபுஸ்தகத்துக்குள் செருகிய அட்டையாக, கதவில் ஒட்டிய ஸ்டிக்கராக இருந்தது, இப்போது விடியற்காலையில் செல்போனில் வந்து விழுகிறது. இலக்கியம் பேசுகிறவர்கள் இதை எழுத்து என்றே எண்ணுவதில்லை. ஆனால் எங்கள் தெருவில் அதிகம் பேர் வாசித்த தமிழ் உரைநடை இதுதான். புதுமைப்பித்தனை எங்கள் தெரு அறியாது. இந்தப் பக்கங்களை எழுதிய, முகம் தெரியாத போதகர்களை அறியும். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கும் முதல் வாசிப்பு இதுதான்.

இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் சிரித்தார். ‘அபின் பத்தியா?’ என்றார். மார்க்ஸ் 1844ல் எழுதிய அந்த வாசகத்தை மேடையில் சொல்லாத தோழர் கிடையாது. அதே பத்தியில் அதற்குச் சற்று மேலே, மதம் ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்கிற பொருளிலும் அவர் எழுதியிருக்கிறார். மேலே இருப்பதை விட்டுவிட்டு ஒற்றை வரியைப் பிடுங்கிக்கொள்கிற பழக்கம் போதகர்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று தோழரிடம் சொன்னேன்.

இப்படி வாசிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது பல்கலைக்கழகம் இல்லை. எங்கம்மா. அவளுக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது.

எங்கள் ஊர் கரிசல்காட்டு ஊர். பருத்தி எடுப்பும் களையெடுப்பும் இல்லாத மாசங்களில் தீப்பெட்டிதான் சோறு போடும். அந்தி மயங்கியதும் வாசலில் பசைச் சட்டியை வைத்துக்கொண்டு அம்மா பெட்டி ஒட்ட உட்காருவாள். ஒரு குரோசுக்கு 144 பெட்டி. குரோசுக் கணக்கில்தான் கூலி. ரெண்டு கையும் பசையாக இருக்கும். ‘ஏ புள்ள, இன்னிக்குள்ள பக்கத்த வாசி’ என்பாள். நான் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். வசனத்தை முடித்துக் கதைக்குள் நுழைவதற்குள் மறிப்பாள்.

‘மேல ரெண்டு வரி, கீழ ரெண்டு வரி வாசி.’

‘இதுல அவ்வளவுதாம்மா போட்டிருக்கு.’

‘இவன் போடல. வேதத்துல இருக்கும்ல. எடு.’

எடுப்பேன். ரெண்டு வரி என்று தொடங்கியது சில ராத்திரிகளில் ரெண்டு அதிகாரம் போகும். தியானப் புத்தகத்தின் குட்டிக்கதை அப்படியே கிடக்கும்.

இந்தப் பழக்கம் அவளுக்குக் கோயிலிலிருந்து வரவில்லை. புரோநோட்டிலிருந்து வந்தது. எங்க தாத்தா ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவரிடம் கடன் வாங்கினார். கணக்கன் தொகை எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கிக்கொண்டான். வட்டி எவ்வளவு, தவணை தப்பினால் என்ன ஆகும் என்பதெல்லாம் மேலேயும் கீழேயும் இருந்தது. ரெண்டு உழவுமாடும் போயிற்று. ‘எழுத்து என்ன செய்யும் புள்ள? ஒத்த வரிய மட்டும் வாசிச்சுக் காட்டுதான் பாரு, அவந்தான் பொய்க்காரன்’ என்பாள். பிரதி, சூழல், வாசிப்பின் அரசியல் என்று பின்னால் எவ்வளவோ படித்தேன். இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வாத்தியார் எனக்குக் கிடைக்கவில்லை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபையில் பெரிய காரியம். வருஷம் முழுவதுக்கும் நம்மோடு வரப்போகிற வசனம் அல்லவா! அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தட்டு முன்பெஞ்சிலிருந்து பின்னால் வரும். முன்னால் உட்காருகிறவர்கள் யார், பின்னால் தரையில் உட்காருகிறவர்கள் யார் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களிடம் வரும்போது அடியில் கொஞ்சம் அட்டைதான் கிடக்கும். ‘அவுக எடுத்தது போக மிச்சமுள்ள வாக்குத்தத்தந்தான் நமக்கு’ என்று எங்க பெரியம்மா சத்தமாகவே சொல்லுவாள். பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அட்டையை முந்தானையில் முடிந்துகொள்வார்கள். அந்தச் சிரிப்பும் அந்த முடிச்சும் சேர்ந்ததுதான் எங்கள் விசுவாசம். எங்களைப் பற்றி எழுதுகிற பக்திமான்கள் முடிச்சை மட்டும் பார்க்கிறார்கள். பகுத்தறிவாளர்கள் அதையும் பார்ப்பதில்லை.

முடிந்து வைத்துக்கொள்ள அதில் என்ன இருந்தது? பகலெல்லாம் காட்டில் ‘ஏய்’ என்றும், சாதிப்பேரைச் சொல்லியும் கூப்பிடப்பட்டவளை ராத்திரி அந்தப் பக்கம் ‘மகளே’ என்றது. நீ யார் என்று எனக்குத் தெரியும், உன் கண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது என்றது. சம்பளப் பாக்கிக்கே கணக்கு வைக்காத ஊரில் கண்ணீருக்குக் கணக்கு வைக்கிற ஒருவர் இருக்கிறார் என்பது சாமானியமான செய்தி இல்லை. அந்தச் செய்தியில்தான் பல பெண்கள் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போனார்கள். அதை யாரும் கேலி செய்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

தினம் ஒரு வசனம் என்கிற வழக்கத்துக்கே ஒரு தடவை மேலே கீழே வாசித்துப் பார்த்தேன். அது சுகவாசிகளின் வீட்டில் பிறந்ததில்லை. விசுவாசத்துக்காகத் துன்புறுத்தப்பட்டு மொராவியாவிலிருந்து தப்பி வந்த அகதிகள், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் 1722ல் ஹெர்ன்ஹூட் என்கிற ஊரை உண்டாக்கினார்கள். அங்கே 1728ல், அன்றைக்குரிய வாசகத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வழக்கம் தொடங்கியது. 1731லிருந்து அது புத்தகமாக அச்சாயிற்று. அந்த மொராவியச் சபையார் 1760ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். ஊரை இழந்தவர்கள் ஒருவர் கதவை ஒருவர் தட்டிச் சொன்ன வார்த்தைதான் இதன் ஆதி. பிறகு 1888ல் லண்டன் போதகர் ஸ்பர்ஜன் தம்முடைய தினதியான நூலுக்கு, விசுவாச வங்கியின் காசோலைப் புத்தகம் என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். 160 வருஷத்தில், தெருவே சேர்ந்து கேட்ட வார்த்தை தனி ஆள் கையில் இருக்கிற காசோலையாக மாறிவிட்டது.

1963ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரு காசோலையைப் பற்றிப் பேசினார். கறுப்பு மக்களுக்கு அமெரிக்கா கொடுத்த வாக்குறுதி, பணமில்லை என்று திரும்பி வந்த காசோலை போல இருக்கிறது, அதை மாற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறோம் என்றார். அவரும் போதகர்தான். ஸ்பர்ஜனின் காசோலையைத் தனி அறையில் முழங்காலில் நின்று நீட்ட வேண்டும். கிங்கின் காசோலையை ரெண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைநகரில் கூடி நீட்டினார்கள். நம் வாக்குத்தத்த அட்டை இதில் எந்த வகை?

எங்கள் தெருவில் அடிக்கடி கைக்கு வந்த அட்டை எரேமியா 29:11. உங்களைக் குறித்து நான் நினைத்திருப்பது நன்மையே என்று கடவுள் உறுதி சொல்கிற இடம். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கும், வரன் அமையாத பெண்ணுக்கும், வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கிற பையனுக்கும் இதே வசனம்தான். அம்மா சொன்னபடி மேலே போனேன். அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட சனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடவும் சொல்கிறது ஐந்தாம் வசனம். ஏய்க்கிற தீர்க்கதரிசிகளை நம்பக் கூடாது என்கின்றன எட்டும் ஒன்பதும். பத்தாம் வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது.

அம்மா பசைக்கையைத் தூக்கியபடி நிறுத்தினாள். ‘எழுவது வருசமா! அப்ப இது எனக்குச் சொன்னது இல்ல. உம் பிள்ளைகளுக்குச் சொன்னது.’ ரெண்டு பெட்டி ஒட்டி முடித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டாள். ‘வீடு கட்டுன்னா எடம் வேணும்ல. பட்டா எங்க?’

அட்டையில் இருந்தால் அது தனி ஆளுக்கு வந்த ஆறுதல். கடிதத்தில் இருந்தால் அது ஒரு சனத்துக்கு வந்த வேலை. பட்டா எங்கே என்பது நம் அரசியலின் பழைய கேள்வி. 1892ல் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று அரசு ஒதுக்க ஆணையிட்ட பஞ்சமி நிலம் இன்று யார் யார் கையில் இருக்கிறது? 1994 அக்டோபர் 10ல் காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். ஒரு பெயர் வேதத்தைச் சொல்லும். ஒரு பெயர் திருப்பதி மலையைச் சொல்லும். கேட்ட நிலம் ஒன்றுதான்.

பிலிப்பியர் 4:13ம் அப்படித்தான். பலம் தருகிறவர் இருப்பதால் எதையும் என்னால் செய்ய முடியும் என்கிற அர்த்தத்தில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் மேசையில் ஒட்டி வைக்கிறார்கள். மேலே வாசித்தால், பட்டினியும் தெரியும், வயிறு நிறைந்ததும் தெரியும் என்கிறார் பவுல். எழுதுவது காவலில் இருந்துகொண்டு. கீழே வாசித்தால், என் கஷ்டத்தில் பங்கெடுத்தீர்கள், உங்கள் உதவி வந்து சேர்ந்தது என்று அந்தச் சபைக்கு நன்றி சொல்கிறார். ‘ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பிருக்காக. அந்தத் தெம்புல எழுதிருக்காரு’ என்றாள் அம்மா. தனியொருவனின் தன்னம்பிக்கை வசனமாக விற்கப்படுவது, ஜெயிலில் கிடந்த ஒருவருக்குச் சேர்ந்து காசு அனுப்பிய சனங்களின் கதை.

எம்.ஏ. படிக்கும்போது பரணில் கிடந்த மூன்று வருஷத்துத் தியானப் புத்தகங்களை இறக்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கதைகளில் பனி பெய்தது. கப்பல் கவிழ்ந்தது. சீமையில் ஒரு விவசாயியின் களஞ்சியம் எரிந்தது. வியாதி, கடன், குடி, பிள்ளையில்லாத துக்கம், பொறாமை பிடித்த சொந்தக்காரர் எல்லாம் வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் சாதி என்கிற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

மிச்ச வாக்குத்தத்தத்தைச் சொல்லிச் சிரித்தாளே, அந்தப் பெரியம்மா ஒரு ஐப்பசி மழையில் செத்துப்போனாள். சபையின் கல்லறைத் தோட்டம் ஒன்று, பகுதி ரெண்டு. முன்வாசல் வழியாக அவளைக் கொண்டுபோக விடவில்லை. மறித்தவர்கள் வேறு ஆட்கள் இல்லை, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எங்களோடு பாடுகிறவர்கள். ஓடைத் தண்ணியில் முழங்கால் மட்டும் இறங்கி, பின்பக்கமாகக் கொண்டுபோய் எங்கள் பகுதியில் அடக்கம் செய்தோம். மறுநாள் தியானப் பக்கத்தின் தலைப்பு ‘மன்னிப்பு’. வாசித்தேன். அம்மா அன்றைக்கு மேலே கீழே கேட்கவில்லை. ‘மன்னிக்கச் சொல்லுததெல்லாம் சரி. கேட்டத் தொறந்து விடுன்னு அவுகளுக்கு ஒரு பக்கம் எழுதிருக்கானா, பாரு’ என்றாள். புத்தகத்தின் கடைசிவரை பார்த்தேன். இல்லை.

எழுத வேண்டிய அவசியம் புதிதாக வந்ததில்லை. சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று பிஷப் டானியேல் வில்சன் 1833ல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஆதிக்கசாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். வெளியே அரசு என்ன செய்தது? 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் தவிர மற்றவர்கள் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2022ல் இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. கல்லறை வாசலில் நாங்கள் தலித்துகள். சான்றிதழில் தலித்துகள் இல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறவளுக்குத் தினதியானம் பனி பெய்கிற கதை சொல்கிறது.

1807ல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதபுஸ்தகம் அச்சிட்டார்கள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்தவர்கள் வெளியேறிய கதையை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். எஜமானுக்கு அடங்கச் சொல்லும் இடம் பத்திரமாக இருந்தது. நமக்கு யாரும் வேதத்தை வெட்டிக் கொடுக்கவில்லை. முழுப் புத்தகம் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் தினம் ஒரு வசனம் என்று கிள்ளிக் கொடுத்தே வருஷம் முழுவதையும் ஓட்டிவிட முடிகிறது. கத்தரி தேவைப்படவில்லை.

மேலே கீழே வாசித்தால் எல்லாம் நமக்குச் சாதகமாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 1 பேதுரு 2:18 வேலைக்காரர்களைக் கொடுமைக்கார எஜமானுக்கும் கீழ்ப்படியச் சொல்கிறது. மேலே வாசித்தேன், கீழே வாசித்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ‘இது நமக்கு வேண்டாம். மூடு’ என்றாள். கறுப்பு இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1949ல் வெளியிட்ட தம் நூலில், அடிமையாக வாழ்ந்த தம் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். வாசிக்கத் தெரியாத அந்தப் பாட்டிக்குச் சிறுவயதில் அவர்தான் வேதம் வாசித்துக் காட்டுவார். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டாள், எப்போதாவது கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் தவிர. அடிமைகள் அடங்கியிருக்க வேண்டும் என்று எஜமானின் போதகர் பவுலை எடுத்துத்தான் பிரசங்கம் செய்வாராம். அதைப் படித்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் எங்கம்மாவுக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வேதத்தை மூடுகிற உரிமையும் விசுவாசிக்கு உண்டு.

இப்போது அம்மாவின் போனில் காலை ஐந்து மணிக்கே ஒரு போதகரின் குரல் வந்துவிடுகிறது. நன்றாகத்தான் பேசுகிறார். அம்மா விரும்பித்தான் கேட்கிறாள். ஆனால், ‘இவர நிப்பாட்டி, மேல என்ன இருக்குன்னு கேக்க முடியலயே’ என்று குறைப்படுகிறாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறோம். தெரிந்தவள் வாசிப்பாள். யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். மேலேயும் கீழேயும் வாசிக்காமல் ஆமென் சொல்லக் கூடாது. ஒரு வாரம் நெகேமியா ஐந்தாம் அதிகாரம் வாசித்தோம். எந்த வாக்குத்தத்த அட்டையிலும் நான் பார்த்திராத அதிகாரம். பஞ்சத்துக்கு நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளை அடிமைப்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சனங்களும் அவர்கள் பெண்சாதிகளும் கூக்குரல் போடுகிறார்கள். நெகேமியா பெரிய மனிதர்களைக் கூட்டி வைத்துக் கேட்கிறான். நிலத்தைத் திருப்பிக் கொடு, வட்டியை விடு என்கிறான். ‘இது நம்ம வாரத் தவணக் கததான!’ என்றாள் ஒருத்தி. குழுக்கடன் வாங்கிவிட்டு வசூல்காரன் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் அவள். அன்றைக்கு ஜெபத்தோடு ஒரு தீர்மானமும் ஆயிற்று. எந்தக் கடன் தாளானாலும், முழுசாகச் சத்தமாக வாசித்துக் கேட்காமல் எங்கள் தெருவில் இனி யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

கல்லறை முன்வாசலுக்காக மனு எழுதியதும் இந்தக் கூட்டத்தில்தான். மூன்றாவது தடவை அனுப்பியிருக்கிறோம். வாசல் இன்னும் திறக்கவில்லை.

நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 2005ல் மறையும்வரை, ஆராதனையை நாட்டுப்புற மெட்டுக்கும் பேச்சுத்தமிழுக்கும் கொண்டுவந்தார். கடவுளைப் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டுப் பாட வைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதுதான் சுவிசேஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1992ல் வந்த பாமாவின் ‘கருக்கு’ கிறிஸ்தவத் தலித் பெண்ணின் வாழ்க்கையை அவள் மொழியிலேயே முன்வைத்தது. ஆனால் பாட்டு விசேஷ நாளுக்கு, புத்தகம் வாசகர்களுக்கு என்று நின்றுவிட்டன. தினசரிப் பக்கம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதிகாலையில் ஒரு தலித் பெண்ணிடம் முதலில் பேசுகிறவர் யாரோ, அவர்தான் அவளுடைய அன்றையப் பொழுதை வைத்திருக்கிறார். நம் துண்டறிக்கைகள் பத்து மணிக்கு மேல்தான் அவளைத் தேடிப் போகின்றன.

ஆறுதல் என்றால் சூடு தணிதல் என்றும் அர்த்தம். காயத்தின் சூடு தணியட்டும். உலையின் சூடு தணியக் கூடாது. ரெண்டும் தெரிந்து எழுதுகிற 365 பக்கங்கள் நமக்கு வேண்டும். பனி பெய்யாத பக்கங்கள். களைவெட்டியும் பசைச் சட்டியும் தவணை அட்டையும் வருகிற பக்கங்கள். வசனத்தை அதன் கடிதத்தோடும், ஜெயிலோடும், பஞ்சத்தோடும் சேர்த்துத் தருகிற பக்கங்கள். வாசலை மறிக்கிறவனுக்கும் ஒரு நாள் ஒதுக்குகிற பக்கங்கள். விசுவாசமுள்ள மாணவர்களும் எழுதலாம், விசுவாசம் போய்விட்ட தோழர்களும் எழுதலாம். எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், வாசிக்கத் தெரியாத ஒரு அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கே நிறுத்துகிறாள் என்று பாருங்கள்.